இருபது வளைவு, முப்பது நாள்: மூளை ரத்தக்குழாய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் சவாலை ஊரில் நடத்துவது எப்படி?

சேலத்தில் துக்க வீட்டு வாசலில் பலமுறை என் காதில் விழுந்த பேச்சு இது: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க. திடீர்னு தலையில நரம்பு வெடிச்சிடுச்சாம்." வெடிப்பது நரம்பு அல்ல, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய். அது கிளை பிரிகிற இடத்தில் சுவர் மெலிந்து, தேய்ந்த சைக்கிள் டியூப் ஓரிடத்தில் உப்புவதுபோல உப்பிக்கொள்ளும். மருத்துவர்கள் அதை அனியூரிசம் என்கிறார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பேருக்கு இப்படி ஒன்று இருக்கலாம் என்பது உலக அளவிலான கணிப்பு. பெரும்பாலானவை கடைசிவரை வெடிப்பதே இல்லை. வெடித்தால், சுமார் மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களிலும் பலர் பழைய ஆளாகத் திரும்புவதில்லை.

என் பெரியம்மா பிழைத்தவர். கோரிமேட்டில் வீடு. ஒரு ஐப்பசிக் காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து, "தலைக்குள்ள யாரோ சுத்தியல்ல அடிச்ச மாதிரி இருக்கு கண்ணு" என்றார். நாங்கள் சுக்கு உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டோம். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் வாந்தி எடுத்து மயங்கி விழுந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். மண்டையைத் திறந்து, உப்பிய இடத்தை அடைக்கக் கிளிப் போட்டார்கள். இன்று நடக்கிறார், ரசம் வைக்கிறார், என்னை என் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

அதற்கப்புறம்தான் நானும், கண்ணங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் காலை நடை வருகிற சிலரும் சேர்ந்து இந்தச் சவாலைத் தொடங்கினோம். மூன்று செப்டம்பர் ஆகிவிட்டது. அமெரிக்காவில் மூளை அனியூரிசம் விழிப்புணர்வு மாதம் செப்டம்பர்தான், அதனால் நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். உங்கள் தெருவில், அலுவலகத்தில், கல்லூரியில் இதேபோல நடத்த நினைத்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, நாங்கள் சறுக்கிய இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன். முன்கூட்டியே ஒன்று: "ஒரே நாள், பெரிய மாரத்தான், மேடை, மைக்" என்று யோசிக்கிறவர்களுக்கு இந்த வழிகாட்டி சரிப்படாது. ஒரு மாதம், சின்னச் சின்ன அசைவு, பணம் நம் கையில் படாமல் நேராகப் போய்ச் சேர்வது. எங்கள் முறை அவ்வளவுதான்.

படி 1. ஜூலையிலேயே பணம் போகும் இடத்தை முடிவு செய்யுங்கள்

எல்லோரும் பேனரில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் ஒரு கடிதத்தில் ஆரம்பியுங்கள்.

நிதி கேட்டுப் போனதும் முதலில் வரும் கேள்வி, "ஒரு ஏழை நோயாளிக்கு ஆபரேஷன் செலவுக்குக் கொடுத்தா புண்ணியமாச்சே, ஆராய்ச்சிக்கு எதுக்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி, சமாளிக்காமல் பதில் சொல்லுங்கள். இன்றைக்கு ஒருவர் மூளைக் குழாயில் இப்படி ஒரு புடைப்பு இருப்பதை ஸ்கேனில் பார்த்துவிட முடியும். அது வெடிக்குமா, சும்மா இருக்குமா என்று அடித்துச் சொல்லத்தான் முடியாது. அளவு, இருக்கும் இடம், வயது, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அறுவைக்கும் ஆபத்து உண்டு, விட்டுவைப்பதற்கும் ஆபத்து உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏன் அதிகம் வருகிறது என்பதற்கும் முழு விடை இல்லை. ரத்தம் கசிந்து பிழைத்தவர்களுக்கு நாலாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் மூளைக் குழாய்கள் சுருங்கி மறுபடியும் பாதிப்பு வருவதை முழுதாகத் தடுக்கவும் வழி கிடைக்கவில்லை. இதெல்லாம் ஆராய்ச்சியால்தான் நகரும்.

நகர்ந்தும் இருக்கிறது. 1937இல் அமெரிக்காவில் வால்டர் டாண்டி என்ற அறுவை மருத்துவர் புடைப்பின் கழுத்தில் ஒரு கிளிப்பை மாட்டி அடைத்தார். அந்தக் கிளிப் வெள்ளி. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை கிராம்?" அப்புறம் 1990இல் குக்லியெல்மி என்பவர், மண்டையைத் திறக்காமலே, தொடை வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்திப் புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பும் முறையை முதல் நோயாளிக்குச் செய்தார். 2002இல் வெளியான, 2,143 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு, வெடித்த புடைப்புக்கு இரண்டு முறையும் பொருந்துமென்றால் சுருள் முறையில் ஓராண்டு கழித்து நிலைமை மேலாக இருக்கிறது என்று காட்டியது. அந்த 2,143 பேரும் யாரோ நம்மைப்போன்றவர்கள்தான்.

சரி, எந்த நிறுவனம்? நம் பக்கத்தில் மூளை சம்பந்தமான ஆராய்ச்சிக்குப் பெயர்போன இடங்கள் மூன்று: பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், வேலூர் சி.எம்.சி. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது வேலூரில்தான். இவற்றில் ஒன்றுக்கோ, நீங்கள் நம்பும் வேறொன்றுக்கோ எழுதி மூன்று விஷயம் கேளுங்கள்:

ஆராய்ச்சிக்கென்று நன்கொடை வாங்குகிறீர்களா? "மூளை ரத்தக்குழாய் ஆராய்ச்சிக்கு" என்று குறிப்பிட்டுத் தர முடியுமா? பணம் போடும் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனி ரசீது வருமா?

மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை நோட்டீஸ் அடிக்காதீர்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். ஜூலையில் ஆரம்பிக்கச் சொல்வது அதனால்தான்.

பதில் வந்ததும் நிறுவனத்தின் கணக்கு எண்ணையும் க்யூஆர் கோடையும் மட்டும் பரப்புங்கள். உங்கள் ஜிபே எண்ணைப் போடவே போடாதீர்கள். "எனக்கு அனுப்புங்க, நான் மொத்தமா கட்டிடறேன்" என்பது வசதியாகத் தோன்றும். நாலாவது நாளே யாராவது ஒருவர் டீக்கடையில், "அவங்க கணக்குல எவ்வளவு இருக்காம்?" என்பார். நீங்கள் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் அந்தப் பேச்சை அணைக்க முடியாது. இணையத்தில் தேடி எடுத்த க்யூஆர் கோடையும் நம்பாதீர்கள். நிறுவனத்திடமிருந்தே வாங்கி, முதலில் 10 ரூபாய் போட்டு, யார் பெயர் வருகிறது என்று பார்த்துவிட்டுப் பகிருங்கள்.

இன்னும் இரண்டு சிக்கல். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் சொந்தக்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். அதை வாங்க, பொதுவாக நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். அவர்களை நேராக நிறுவனத்திடமே பேசச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று வரிச்சலுகை. 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. நோட்டீஸில் "வரிவிலக்கு உண்டு" என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால் மார்ச் மாதம் உங்கள் போன் ஓயாது.

படி 2. சவாலை வளைவுகளாகப் பிரியுங்கள்

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும். சின்ன வயதில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணாத சேலத்துக்காரர் யார்? எங்கள் சவால் அதுதான்: செப்டம்பரின் 30 நாளில் 20 வளைவு. ஒரு நாள் 30 நிமிடம் உடம்பை அசைத்தால் ஒரு வளைவு. ஒரு நாளைக்கு ஒரு வளைவுதான், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் நடந்துவிட்டு ஆறு வளைவு கேட்கக் கூடாது.

இந்தக் கணக்கு சும்மா வந்ததில்லை. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 30 நிமிடம் வீதம் 20 நாள் என்றால் 600 நிமிடம், நாலு வாரத்துக்கு வாரம் 150. மீதிப் பத்து நாள் காய்ச்சலுக்கு, கல்யாணத்துக்கு, மழைக்கு. செப்டம்பரில் சேலத்தில் சாயங்காலம் இடியோடு கொட்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

எந்த அசைவு என்பது அவரவர் விருப்பம். நடை, சைக்கிள், நீச்சல், கும்மி, ஸ்கிப்பிங். எங்கள் குழுவில் ஒரு தறிக்காரர், "நாள் முழுக்க தறி மிதிக்கிறேனே, அது கணக்கில்லையா?" என்று கேட்டார். அரை நாள் வாதம் நடந்தது. கடைசியில், பிழைப்புக்குச் செய்யும் வேலையும் கணக்கில் சேரும் என்று தீர்மானித்தோம். வேலையை விட்டு வந்து நடக்க நேரம் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சவால் என்றால் அது ஊர்ச் சவால் ஆகாது என்பது என் கட்சி.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது சப்பென்று இருக்கும். அவர்களுக்குப் படிக்கட்டுச் சவால் கொடுங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். வித்தியாசம் 1,237 மீட்டர். ஒரு படி 16 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 7,700 படி. 20 நாளில் பிரித்தால் நாளைக்கு 385. விடுதிப் படிக்கட்டில் ஏறியே ஏற்காடு போய்விடலாம்.

படி 3. யார் எதைச் செய்யக் கூடாது

தலையில் புடைப்பு இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்கள், ரத்தக் கசிவிலிருந்து மீண்டவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், இதய நோயாளிகள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் சேரக் கூடாது. நோட்டீஸின் மேல் பாதியிலேயே இதைப் போடுங்கள், அடியில் பொடி எழுத்தில் வேண்டாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்குவதை யாருக்குமே வளைவாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மீண்டவர்களுக்கு ஒரு தனி விதி வைத்தோம்: மருத்துவர் சரி சொன்னால் பத்து நிமிடமே ஒரு வளைவு. இந்த நோய்க்குப் பின் வரும் அசதி வெளியே தெரியாது. "நல்லாத்தானே இருக்கீங்க, இன்னும் கொஞ்சம் நடங்க" என்று உற்சாகப்படுத்துகிறேன் பேர்வழி என்று அவர்களை யாரும் துரத்தாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போடுங்கள். பெரியம்மா திண்ணைக்கும் கொல்லைக்கும் நடந்துதான் தன் வளைவுகளை ஏறுகிறார்.

படி 4. அட்டை

இந்தச் சவாலில் அச்சடிக்க வேண்டிய ஒரே பொருள் வளைவு அட்டை. ஏ4 தாளை நெட்டுவாக்கில் வைத்து, அடியில் அடிவாரம், உச்சியில் ஏரி, நடுவே பாம்புபோல வளைந்து ஏறும் பாதை. ஒவ்வொரு திருப்பத்திலும் எண் போட்ட ஒரு வட்டம். முடித்த அன்று வட்டத்தை நிரப்பிப் பக்கத்தில் தேதி எழுத வேண்டும். என் அத்தை மகன் பால்பாயிண்ட் பேனாவில் வரைந்ததை ஜெராக்ஸ் எடுத்ததுதான் மூன்று வருடமாக ஓடுகிறது. ஏழாம் வளைவுக்குப் பக்கத்தில் ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கும். குழந்தைகள் முதலில் அதற்குத்தான் வண்ணம் அடிப்பார்கள். பின்பக்கத்தில் அறிகுறிகளும் 108உம் பெரிய எழுத்தில்.

நடையைக் கணக்கிடும் ஸ்ட்ராவா போன்ற செயலிகளை வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் கணக்கு அட்டையில்தான். செயலியைக் கட்டாயமாக்கினால் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களையும், போனைக் கணவர் எடுத்துக்கொண்டு போய்விடும் வீட்டுப் பெண்களையும் இழப்பீர்கள். ஏமாற்ற மாட்டார்களா என்றால், ஏமாற்றட்டும், நடக்காமல் வட்டத்தை நிரப்பினாலும் ஆராய்ச்சிக்குப் பணம் போய்விடுமே.

டி-ஷர்ட் மட்டும் வேண்டாம். முதல் வருடம் 60 டி-ஷர்ட் அடித்தோம். நிதியாகத் திரண்டது 31,000 ரூபாய், டி-ஷர்ட்டுக்கு நாங்கள் கைக்காசு போட்டது 13,200. அதையும் நிதியிலேயே சேர்த்திருக்கலாம். எல் சைஸ் தீர்ந்துபோய் எஸ் சைஸில் பதினெட்டு மிஞ்சியது. இன்றைக்கும் எங்கள் வீட்டு வண்டி துடைக்கிற துணியில் "மூளையைக் காப்போம்" என்று எழுதியிருக்கும்.

படி 5. ஒரு வளைவுக்கு இவ்வளவு என்று கேளுங்கள்

"ஏதாவது நன்கொடை கொடுங்க" என்றால் பத்து ரூபாய்த் தாள் ஒன்று வரும். "நான் ஏறும் ஒவ்வொரு வளைவுக்கும் பத்து ரூபாய்" என்றால் 200 வரும். கேட்பவருக்கும் கூச்சம் குறையும், ஏனென்றால் அவர் கை நீட்டவில்லை, பந்தயம் கட்டுகிறார். ஒவ்வொருவரும் இரண்டு பேரைப் பிடித்தால் போதும். நூறு பேர் சேர்ந்து, ஆளுக்கு இரண்டு பேர் 200 வீதம் போட்டால் 40,000. அது என்ன பெரிய தொகையா என்பீர்கள். மத்திய அரசு இளநிலை ஆராய்ச்சி மாணவருக்குத் தரும் மாத உதவித்தொகை 2023 முதல் 37,000 ரூபாய். உங்கள் தெரு ஓர் ஆய்வாளரை ஒரு மாதம் உட்காரவைத்து வேலை வாங்கும் அளவு பணம் அது. நன்கொடை கேட்கும்போது இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

அனுப்புவதற்கு ஒரு மாதிரிச் செய்தி:

"சித்தப்பா, இந்த செப்டம்பர்ல 20 நாள், தினம் அரை மணி நேரம் நடக்கப்போறேன். ஏற்காட்டுக்கு 20 வளைவுங்கிற கணக்கு. வளைவுக்கு 10 ரூபா வீதம் நீங்க மூளை ரத்தக்குழாய் ஆராய்ச்சிக்குப் போடணும். பணம் எனக்கு வேண்டாம், மாசக் கடைசில நிறுவனத்தோட கணக்குக்கே நேரா போட்டு ரசீது வாங்கிக்குங்க. எத்தனை வளைவு முடிச்சேன்னு அட்டைய போட்டோ எடுத்து அனுப்பறேன்."

செலவுக்கான காசை நிதியோடு கலக்காதீர்கள். ஜெராக்ஸ், தண்ணீர் கேன், கடைசி நாள் பஸ் இவைதான் செலவு. மருந்துக்கடைக்காரரோ துணிக்கடைக்காரரோ ஒருவர் ஜெராக்ஸ் கடைக்கு நேராகப் பணம் கொடுக்கட்டும், அட்டையின் ஓரத்தில் அவர் கடைப் பெயரைப் போடுங்கள்.

படி 6. ஒரு நிமிடப் பேச்சு

பணம் வராவிட்டாலும் இது நடந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் நடைக்கு முன் ஒரு நிமிடம் யாராவது ஒருவர் சொல்ல வேண்டியது:

வாழ்க்கையில் இதுவரை வந்திராத தலைவலி, இடி விழுந்தாற்போல ஒரே நொடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போனால், அது சாதாரணத் தலைவலி என்று நினைக்காதீர்கள். கூடவே வாந்தி, கழுத்து இறுகுவது, வெளிச்சம் பார்க்க முடியாமல் போவது, இரண்டிரண்டாகத் தெரிவது, ஓர் இமை தொங்குவது, மயக்கம், வலிப்பு வரலாம். வலி குறைந்தாலும் விடாதீர்கள், ஒருமுறை கசிந்தது முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி கசியும் ஆபத்துதான் அதிகம். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை எதுவும் தராதீர்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர், காபி ஊற்றாதீர்கள். 108ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே போய், "இப்படி ஒரு தலைவலி இதுக்கு முன்னாடி வந்ததே இல்லை, திடீர்னு வந்துச்சு" என்கிற வார்த்தைகளை அப்படியே சொல்லுங்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கூட்டத்தையே திருப்பிச் சொல்ல வையுங்கள். நாங்கள் அன்றைக்குக் கிளினிக்கில் சொன்னது, "தலைவலிங்க டாக்டர்" என்ற இரண்டே வார்த்தை. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இதைச் சொல்லும்போதே கூட்டத்தில் நாலு பேர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். பயமுறுத்திவிட்டு விட்டுவிடாதீர்கள். தலைவலிகளில் மிகப் பெரும்பாலானவை இது இல்லை என்பதையும் சொல்லுங்கள்.

யாராவது ஆர்வக்கோளாறில், "எல்லாருக்கும் இலவச மூளை ஸ்கேன் முகாம் வைக்கலாமா?" என்பார்கள். வேண்டாம். ஒருபோதும் வெடிக்காத புடைப்பைக் கண்டுபிடித்து ஒருவரின் தூக்கத்தைக் கெடுப்பதுதான் மிச்சமாகும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ இது வந்திருந்தாலோ, சிறுநீரகத்தில் பரம்பரையாக நீர்க்கட்டிகள் நிறையும் நோய் இருந்தாலோ அவர்கள் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கட்டும். மற்றவர்களுக்கு ரத்த அழுத்த முகாம் போதும். உயர் ரத்த அழுத்தமும் புகையும்தான் இந்த நோயில் நாம் மாற்றக்கூடிய பெரிய காரணங்கள். மூக்கனேரிக் கரையில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் கருவியோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். 140/90ஐத் தாண்டியவர்களுக்குச் சீட்டில் அளவை எழுதி, மறுபடி பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். அதில் ஒருவர், தினமும் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்துபோய், "என்ன ஆமை மாதிரி வர்றீங்க?" என்று கேட்கிற ஆள்.

படி 7. மாதத்தை ஓட்டுவது

வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே பதிவிடும்படி வையுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே குட் மார்னிங் பூக்கள் மண்டிவிடும். ஞாயிறு இரவு மட்டும் ஒரு செய்தி: இத்தனை பேர், மொத்தம் இத்தனை வளைவு. தனியாள் தரவரிசை போடாதீர்கள். போட்டால் முதல் ஐந்து பேர் முறைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் கழன்றுகொள்வார்கள்.

இரண்டாவது வாரம் தொய்யும். விநாயகர் சதுர்த்தி சில வருடம் அந்தப் பக்கம்தான் வரும், அப்புறம் புரட்டாசி பிறந்துவிடும். அந்த நேரத்தில் ஆட்களை விரட்டாமல், தெருவுக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் அட்டையைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். பார்க்க ஆள் வருகிறார் என்றாலே வட்டம் நிரம்பும்.

படி 8. கடைசி ஞாயிறு, மலை மேல்

மலைப்பாதையில் கூட்டமாக ஏறி முடிக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். குறுகலான பாதை, திருப்பத்தில் பஸ், இறங்குகிற பைக்குகள், மழை பெய்தால் உருளும் கல். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு அந்தப் பாதையில் மண் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காலைப் பனியில் காட்டுமாடு குறுக்கே நின்றால் ஐம்பது பேரை எந்தப் பக்கம் ஒதுக்குவது?

முதல் பஸ்ஸில் மேலே போய்விடுங்கள். ஒவ்வொரு வளைவு வரும்போதும் அதன் எண்ணைப் பஸ்ஸே கத்தட்டும், டிரைவரிடம் மட்டும் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் பக்கமோ, பகோடா முனைப் பக்கமோ, சாலை ஓரமாக ஒற்றை வரிசையில் போகலாம். முடியாதவர்கள் அண்ணா பூங்காவில் உட்காரட்டும். ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் சுற்றுலா வண்டிகள் வந்துவிடும்.

கூட்டமாக நடக்கக் காவல்துறையிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். மூக்கனேரி என்றால் மாநகரக் காவல், ஏற்காடு என்றால் மாவட்டக் காவல், இரண்டும் வேறு வேறு. சதுர்த்தி ஊர்வல வாரத்தில் மனுவோடு போய் நிற்காதீர்கள், ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை. ஆளுக்கு ஒரு சொம்போ பாட்டிலோ கொண்டுவரச் சொல்லுங்கள். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். கீழே இறங்கி வந்து ஆளுக்கொரு தட்டுவடை செட் சாப்பிட்டுக் கலையுங்கள், அதை அவரவர் காசில்.

படி 9. கணக்கு

பணம் நிறுவனத்துக்கு நேராகப் போனதால் உங்களிடம் ரசீது இருக்காது. அக்டோபர் முதல் வாரத்தில் ஒவ்வொருவரிடமும் தொகையும் ரசீது எண்ணின் கடைசி நாலு இலக்கமும் மட்டும் கேட்டு வாங்குங்கள், பெயர் வேண்டாம். சொன்னவர்களில் சிலர் போட்டிருக்க மாட்டார்கள். ஒருமுறை நினைவூட்டுங்கள், இரண்டாம் முறை வேண்டாம், சொந்தம் கெடும். எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டி, செலவு எவ்வளவு, அதை யார் கொடுத்தார் என்பதையும் எழுதி, நடைக்கு வருகிறவர்கள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள், வந்து சேர்ந்த தொகையோடு அவர்கள் ஒப்பிட்டுச் சொன்னால் அந்தப் பதிலையும் பக்கத்தில் ஒட்டலாம்.

போன வருடம் செப்டம்பர் 30 அன்று பெரியம்மா பதின்மூன்றாம் வளைவில் நின்றார். வளைவுக்கு 25 ரூபாய் ஒப்புக்கொண்டிருந்த பெரியப்பா, "இருபதும் ஆகட்டும், முழுசா தர்றேன்" என்று சொல்லிவிட்டார். அக்டோபர் 19ஆம் தேதி அட்டை நிரம்பியது, அவரும் 500 ரூபாயைப் போட்டார். அதற்குள் நாங்கள் கணக்கை ஒட்டியாகிவிட்டது. பேனாவோடு கரைக்குப் போய், கூட்டுத்தொகையை அடித்து, ஓரத்தில் நெருக்கி எழுதிவிட்டு வந்தேன். உங்கள் கணக்குத் தாளின் அடியில் இரண்டு வரி காலியாக விட்டு வையுங்கள்.